பாடல் நினைவிருக்கின்றது, பாடியவர் பெயர் தெரியவில்லை

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஜூடித் டேர்ஹம் மெல்பேர்ண் நகரில் தமது 79 ஆவது வயதில் காலமானார் என்ற செய்தியை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட துயரம் எனக்கே வியப்பாக இருந்தது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் மரணச் செய்திகளை நூற்றுக்கணக்கில் செப்பனிட்டுத் தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியவன் நான். அந்த வேலையில் மனம் மரத்துப்போகும். ஆயினும், நேரில் ஒருநாளும் கண்டிராத அந்தப் பாடகியின் மறைவு, வீட்டில் ஒருவரை இழந்தாற்போல் என்னை வருத்தியது.

சீக்கர்ஸ் என்ற அவுஸ்திரேலிய இசைக்குழுவின் முதன்மைப் பாடகி அவர். இலங்கை வானொலியின் ஆங்கில சேவையைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறையினருக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அன்றிரவு பழைய பாடல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கேட்டேன். சீக்கர்ஸ் குழுவைத் தொடர்ந்து கிங்ஸ்ரன் ட்ரயோ, வீவர்ஸ், பீற்றர், போல் அன்ட் மேரி என்று அது நீண்டுகொண்டே போயிற்று. அன்றைய மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் கேட்கக் கேட்க ஒரு கேள்வியும் கூடவே வளர்ந்தது. அதைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகின்றேன்.

எனது தந்தையார் புகையிரதத் திணைக்களத்தில் பணியாற்றியவர். 1950களின் இறுதியிலும் 1960களிலும் மலையகத்துச் சிறிய நிலையமொன்றை அண்டிய றெயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் வசித்தோம். அடுத்த வீட்டில் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த எஞ்சின் சாரதி ஒருவர் குடியிருந்தார். எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டி இருக்கவில்லை. அவர் வீட்டில் பெரிய வானொலிப் பெட்டியும், ஒரு கிற்றாரும், இசைத்தட்டுகள் சிலவும் இருந்தன. மாலையில் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, வாசற்படியில் அமர்ந்து கிற்றாரை எடுப்பார். பிள்ளைகள் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொள்வோம். மழையும் பனிமூட்டமுமான மாலைகளில் அந்த வாசற்படியே எங்கள் இசையரங்கமாக இருந்தது. அவரை நாங்கள் "அங்கிள்" என்றே அழைத்தோம்.

எங்களுக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறையாகவே தெரியும். அப்படியிருந்தும் அந்தப் பாடல்கள் எங்களைப் பற்றிக்கொண்டமைக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, சொற்கள் தெளிவாகக் கேட்டன. கிற்றார், பாஞ்சோ, பெரிய பேஸ் வாத்தியம் என்பவற்றுக்கு மேலாக மனிதக் குரல்களே நின்றன. இரண்டாவது, ஒவ்வொரு பாடலிலும் திரும்பத் திரும்ப வரும் ஓர் அடி இருந்தது. இரண்டாம் முறை வரும்போது நாங்களும் சேர்ந்துகொள்ளலாம். மூன்றாவது, அவற்றில் ஒரு கதை இருந்தது. தூக்கிலிடப்படப் போகும் ஒருவன், கடலோரத்தில் வாழும் ஒரு வேதாளம், பிரிந்து செல்லும் காதலர் என்று ஏதோ ஒன்று நடந்துகொண்டேயிருக்கும். "றொக் அன்ட் றோல்" எங்கள் அண்ணன்மாருக்குரியதாக இருந்தது. நாட்டார் பாடல்கள் சிறுவர்களாகிய எங்களுக்கும் இடம் தந்தன.

சீக்கர்ஸ் குழுவின் கதையும் எளிமையானதே. 1962 இல் மெல்பேர்ணில் தொடங்கப்பட்ட குழு அது. அத்தோல் கை, புரூஸ் வூட்லி, கீத் பொட்ஜர் ஆகிய மூன்று ஆண்களுடன், அத்தோல் கை பணிபுரிந்த விளம்பர நிறுவனத்திலேயே செயலாளராக வேலைக்குச் சேர்ந்த ஜூடித் டேர்ஹமும் இணைந்துகொண்டார். 1964 இல் "ஃபெயார்ஸ்கை" என்ற கப்பலில் பயணிகளுக்குப் பாடியபடியே இங்கிலாந்து சென்றார்கள். பத்து வாரங்களில் திரும்பிவிடுவதே எண்ணமாக இருந்தது. ஆனால் டொம் ஸ்பிரிங்ஃபீல்ட் எழுதிக் கொடுத்த முதற்பாடலே 1965 பெப்ரவரியில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அவ்வாண்டின் இறுதியில் "த கார்னிவல் இஸ் ஓவர்" என்ற பாடலும் முதலிடத்துக்கு வந்தது. 1967 மார்ச்சில் மெல்பேர்ண் திறந்தவெளி அரங்கில் அவர்களைக் கேட்க இரண்டு இலட்சம் பேர் வரை திரண்டதாகக் கணித்தார்கள். 1968 இல் குழு கலைந்தது.

இவர்களுள் கீத் பொட்ஜர் 1941 இல் கொழும்பில் பிறந்தவர். சிறுவயதிலேயே குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தவர். பன்னிரண்டு தந்திக் கிற்றாரில் அவர் எழுப்பிய நாதம்தான் சீக்கர்ஸ் பாடல்கள் பலவற்றின் அடையாளம். எங்கள் ஊர் வானொலியில், எங்கள் நாட்டில் பிறந்த ஒருவருடைய வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கின்றோம் என்பதை அறியாமலேயே நாங்கள் வளர்ந்தோம். இத்தகவல் எனக்குத் தெரியவந்தபோது எனக்கு ஐம்பது வயதாகிவிட்டது. பாடலோடு பெயர்கள் வந்து சேராமற் போவது எவ்வளவு எளிது என்பதை நான் முதலில் உணர்ந்தது அப்போதுதான்.

"த கார்னிவல் இஸ் ஓவர்" பாடலையே எடுத்துக்கொள்வோம். அதனை டொம் ஸ்பிரிங்ஃபீல்டின் பாடலாகவே நாங்கள் அறிந்திருந்தோம். சொற்கள் அவருடையவை. மெட்டோ ரஷ்யாவினுடையது. பதினேழாம் நூற்றாண்டில் கிளர்ச்சி செய்த ஸ்ரென்கா ராசின் என்ற கொசாக்குத் தலைவன், தன் தோழர்களின் ஏளனத்துக்கு அஞ்சிப் பாரசீக இளவரசியை வொல்கா நதியில் எறிந்த கதையைச் சொல்லும் பாடலின் மெட்டு அது. அந்த வாசற்படியில் இருந்து அதனைப் பாடிய எங்களுக்கு வொல்காவும் தெரியாது, ராசினும் தெரியாது.

இதில் யாருக்கும் நட்டமில்லை. பழைய மெட்டு புதிய சொற்களைத் தேடிக்கொள்வது நாட்டார் இசையின் இயல்பு. ஆனால் எல்லாக் கதைகளும் இவ்வளவு சாதுவானவை அல்ல.

அமெரிக்காவின் வீவர்ஸ் குழு 1948 இல் நியூயோர்க்கில் உருவானது. பீற் சீகர், லீ ஹேய்ஸ், ரொனி கில்பேர்ட், ஃப்ரெட் ஹெலர்மன் ஆகிய நால்வரும் தொழிலாளர் உரிமைக்கும் சமத்துவத்துக்கும் குரல் கொடுத்தவர்கள். கம்யூனிச எதிர்ப்பு வெறி தலைவிரித்தாடிய காலத்தில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, மேடைகளையும் வானொலியையும் இழந்தவர்கள். அவர்களுடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. அவர்கள் 1950களின் தொடக்கத்தில் பாடிப் பிரபலப்படுத்திய பாடல் "விமோவே". எங்கள் அங்கிள் இதனைப் பாடும்போது நாங்கள் சிங்கங்களாக மாறி முற்றத்தில் ஓடுவோம்.

அந்தப் பாடலின் பிறப்பிடம் தென்னாபிரிக்கா. சொலமன் லின்டா என்ற சூலுப் பாடகர், தமது "ஈவினிங் பேர்ட்ஸ்" குழுவினருடன் 1939 இல் ஜொஹன்னஸ்பேர்க்கில் "ம்பூபே" என்ற பெயரில் அதனைப் பதிவு செய்தார். ம்பூபே என்றால் சூலு மொழியில் சிங்கம். இசைத்தட்டு நிறுவனத்திலேயே பொதி கட்டும் வேலை பார்த்தவர் அவர். அந்தத் தட்டு அமெரிக்காவில் பீற் சீகரின் கைக்கு வந்தது. சூலுச் சொல் அவர் காதில் "விமோவே" என்று விழுந்தது. பதிப்புரிமையோ "போல் கம்பல்" என்ற பெயரில் பதிவாகியது. அப்படியொருவர் இருக்கவேயில்லை. மரபுப் பாடல்களைத் தழுவும்போது உரிமைத்தொகை பெறுவதற்காக வீவர்ஸ் குழுவினர் பயன்படுத்திய புனைபெயர் அது. உயிரோடிருந்த லின்டாவின் பெயர் விடுபட்டது. இல்லாத கம்பலின் பெயர் அச்சேறியது.

1961 இல் ரோக்கன்ஸ் என்ற குழு ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து "த லயன் ஸ்லீப்ஸ் ருநைட்" என்று பாடியபோது அது அமெரிக்காவில் முதலிடத்தை அடைந்தது. மறு ஆண்டு லின்டா வறுமையிலேயே இறந்துபோனார். பாடலின் உரிமைக்காக அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங் மட்டுமே. சீகர் தமது பங்காக அவருக்கு ஆயிரம் டொலர் அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்க எழுத்தாளர் ரியன் மலான் 2000 ஆம் ஆண்டு "ரோலிங் ஸ்ரோன்" சஞ்சிகையில் இந்த வரலாற்றை விரிவாக எழுதிய பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. "த லயன் கிங்" திரைப்படத்தில் பாடல் பயன்படுத்தப்பட்டது தொடர்பாக 2004 இல் டிஸ்னி நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டு, 2006 இல் இணக்கம் காணப்பட்டது. லின்டா அப்பாடலின் இணை ஆக்குநராக ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவர் இறந்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கிங்ஸ்ரன் ட்ரயோவின் "டொம் டூலி"யும் அங்கிளுக்குப் பிரியமான பாடல். 1958 இல் அமெரிக்காவில் முதலிடம் பெற்று, அடுத்த ஆண்டு முதலாவது கிராமி விருது விழாவிலும் பரிசு பெற்ற பாடல் அது. லோரா ஃபொஸ்ரர் என்ற பெண்ணைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1868 இல் வட கரோலினாவில் தூக்கிலிடப்பட்ட டொம் டூலா என்பவனின் உண்மைக் கதை. அந்த மலைப்பகுதியில் புகையிலை பயிரிட்டும் தச்சுவேலை செய்தும் வாழ்ந்த ஃபிராங் புரொஃபிற் என்பவர், தமது குடும்பத்தில் வழங்கிய இப்பாடலை 1938 இல் பாடல் சேகரிப்பாளர் ஃபிராங் வோர்ணருக்குப் பாடிக் காட்டினார். அங்கிருந்து நூலுக்கும், நூலிலிருந்து இசைத்தட்டுக்கும் போயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் தொலைக்காட்சியில் கிங்ஸ்ரன் ட்ரயோ இப்பாடலைப் பாடக் கேட்டு, மனம் தாளாமல் வெளியே சென்று அழுததாகப் புரொஃபிற் பின்னர் எழுதியிருக்கின்றார். உரிமை தொடர்பான பிணக்கு தீர்க்கப்பட்டபோது பாடல் பெருமளவில் விற்ற காலம் கடந்துவிட்டிருந்தது.

அந்த அழுகை பணத்துக்கான அழுகை என்று நான் எண்ணவில்லை. தம் வீட்டுப் பாடல், தம் வீட்டை அறியாதவர்களின் வாயில், தம் வீட்டைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஒலித்ததற்கான அழுகை அது.

பத்திரிகை அலுவலகத்தில் எனக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்பட்ட பாடம், செய்தி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும் என்பதே. ரொய்ட்டர் செய்தி எனில் ரொய்ட்டர் என்று இருக்க வேண்டும். வேறொரு பத்திரிகையிலிருந்து எடுத்தால் அதற்கு நன்றி போட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பிரதேச நிருபர் மூன்று வரிச் செய்தி அனுப்பினாலும், அது அவருடைய செய்தி. இதில் தவறியவர்களுக்கு ஆசிரிய பீடத்தில் மதிப்பிருக்காது. ஒரு நாள் மட்டும் வாழ்ந்து மறுநாள் கடலை சுற்றப் போகும் செய்திக்கே இவ்வளவு ஒழுங்கு உண்டென்றால், நூறு ஆண்டுகள் வாழும் பாடலுக்கு அந்த ஒழுங்கு வேண்டாமா?

சரியாக நடந்துகொண்டவர்களும் உண்டு. பீற்றர், போல் அன்ட் மேரி குழுவினரின் "பஃப்" என்ற வேதாளப் பாடலை அறியாத சிறுவர் அக்காலத்தில் அரிது. 1959 இல் லெனார்ட் லிப்ரன் என்ற பல்கலைக்கழக மாணவர், பீற்றர் யாரோவின் தட்டச்சுப் பொறியில் ஒரு கவிதையை அடித்துவிட்டு, அதனை மறந்து போய்விட்டார். யாரோ அதனை விரித்துப் பாடலாக்கினார். பாடல் பிரபலமானதும் லிப்ரனைத் தேடிக் கண்டுபிடித்து, ஆசிரியர் என்ற பெயரிலும் வருமானத்திலும் அவருக்குரிய பங்கைக் கொடுத்தார். எழுதியவரே மறந்துவிட்ட கவிதை அது. கொடுக்காமல் விட்டிருந்தாலும் கேட்டிருக்க யாருமில்லை. யாரோ 2025 ஜனவரியில் காலமானபோது அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றுள், என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய சாதனை இதுவே.

இங்கிலாந்திலும் இத்தகைய நேர்மைக்கு நல்ல உதாரணமுண்டு. சசெக்ஸ் மாவட்டத்தின் ரொட்டிங்டீன் என்ற ஊரில் கொப்பர் குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தார்கள். 1898 இல் கேற் லீ என்ற அம்மையார் அவர்களிடம் சென்று பாடல்களைக் குறித்துக்கொண்டார். அவ்வாண்டு தொடங்கப்பட்ட நாட்டார் பாடற் சங்கத்தில், பாடல் தந்த இரு சகோதரர்களும் கௌரவ அங்கத்தவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். அதனால் இன்றும் அவை கொப்பர் குடும்பத்துப் பாடல்கள் என்றே அறியப்படுகின்றன.

தவறு திருத்தப்படலாம் என்பதற்கும் சான்றுண்டு. சைமன், கார்ஃபங்கல் இருவரும் 1966 இல் வெளியிட்ட "ஸ்கார்பரோ ஃபெயார்", போல் சைமன் இலண்டனில் மார்ட்டின் கார்த்தியிடம் கேட்டுக் கற்ற இசையமைப்பைத் தழுவியது. கார்த்தியின் பெயர் குறிப்பிடப்படாதது நெடுங்கால மனக்கசப்பாயிற்று. 2000 ஆம் ஆண்டு இலண்டன் மேடையில் சைமன் அவரை அழைத்துச் சேர்ந்து பாடியபோது அது தீர்ந்தது. ஆனால் கார்த்தியும் அப்பாடலின் தொடக்கம் அல்லர். அவர் கற்றது இவான் மக்கோல் வெளியிட்ட நூலிலிருந்து. மக்கோலுக்கு அதனை 1947 இல் பாடிக் கொடுத்தவர் வட இங்கிலாந்தின் ரீஸ்டேல் பகுதியைச் சேர்ந்த மார்க் அன்டர்சன் என்ற முதிய ஈயச் சுரங்கத் தொழிலாளி. உலகம் முழுவதும் ஒலித்த பாடலின் பின்னால் அந்தச் சுரங்கத் தொழிலாளி இருக்கின்றார்.

மற்றவர்களைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு என் சொந்தக் கணக்கை மறைப்பது முறையாகாது. 1970களின் நடுப்பகுதியில், இளம் நிருபராக, அறுவடைக் காலத்தில் மட்டக்களப்புப் பகுதிக்குச் சென்றிருந்தேன். வயலோரத்து மரநிழலில் ஒரு மூதாட்டி இரண்டு மணி நேரம் எனக்குப் பாடிக் காட்டினார். தவறாக எழுதிவிடக் கூடாதென்று ஒவ்வோர் அடியையும் இரு தடவை சொன்னார். பணம் கொடுக்க முயன்றபோது, "பாட்டுக்கு ஆரும் காசு வாங்குவாங்களா தம்பி" என்று மறுத்துவிட்டு, தேநீர் தந்து அனுப்பினார். கட்டுரை வாரப் பதிப்பில் முழுப் பக்கத்தில், என் பெயருடன் வெளிவந்தது. அவரை "ஒரு மூதாட்டி" என்று எழுதியிருந்தேன். ஒரு வாசகர் அவருடைய பெயரைக் கேட்டுக் கடிதம் எழுதினார். என்னிடம் பதில் இருக்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதே உண்மை. அந்தப் பாடல்களுள் இரண்டு பின்னர் ஒரு நிகழ்ச்சியில் பாடப்பட்டபோது, தொகுத்தவர் என்று என் பெயரே வாசிக்கப்பட்டது. நானும் மறுக்கவில்லை. வெகுகாலத்துக்குப் பின்னர் அவ்வழியே சென்றபோது அந்த மரமும் இல்லை, அவரை அறிந்தவர்களும் இல்லை.

ஆகவே, வீவர்ஸ் குழுவினரைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. நல்லெண்ணம் கொண்டவர்களே இத்தவறைச் செய்கின்றார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. நாட்டார் பாடல் மக்களின் பொதுச் சொத்து என்ற உயர்ந்த எண்ணமே இதற்கு வழிவிடுகின்றது. பொதுச் சொத்து என்று சொல்லி வாங்குகின்றோம். வாங்கியபின் அதில் நம் பெயரை எழுதிக்கொள்கின்றோம்.

நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லையே, பெயரை எங்கே தேடுவது என்று சிலர் கேட்கலாம். முதன்முதலில் புனைந்தவர் யாரென்று பெரும்பாலும் அறிய முடியாதுதான். ஆனால் கொடுத்தவர் யாரென்று வாங்கியவருக்குத் தெரியும். புரொஃபிற்றும் அன்டர்சனும் தாம் புனைந்ததாகச் சொல்லவில்லை. தம்மிடம் வந்ததைக் காத்து, கேட்டவருக்குக் கொடுத்தார்கள். அதற்குரிய மரியாதை ஒரு பெயர் மட்டுமே. இசைத்தட்டின் அட்டையில் இடமில்லை என்று அன்று சொன்னார்கள். இன்று இணையத்தில் பாடல் கேட்கும்போது இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆயினும் பல பாடல்களின் கீழே "மரபுப் பாடல்" என்ற ஒற்றைச் சொல்லே இருக்கின்றது.

இந்தக் குழுக்கள் இல்லையேல் இப்பாடல்கள் மலையகத்து றெயில்வே குவாட்டர்ஸ் வரை வந்திருக்குமா என்றும் கேட்கலாம். வந்திருக்காது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. உண்மையை அறிந்த பின்னரும் "விமோவே" கேட்டால் என் கால்கள் முற்றத்துக்கு ஓடவே பார்க்கின்றன. பாடலின் மீதான அன்பு குறையவில்லை. அந்த அன்பு இப்போது இன்னும் சிலருக்கு உரியதாகியிருக்கின்றது, அவ்வளவுதான்.

அங்கிள் 1960களின் இறுதியில், பறங்கியர் பலரைப் போலவே, குடும்பத்துடன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். போகும்போது சீக்கர்ஸ் இசைத்தட்டொன்றை எங்களுக்குக் கொடுத்தார். போட்டுக் கேட்க எங்களிடம் கருவி இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் வாங்குவோம் என்று எண்ணியிருப்பார். ஜூடித் டேர்ஹம் மறைந்த அன்று, அவருடைய பிள்ளைகளையாவது தேடி ஒரு வரி எழுதலாமே என்று நினைத்தேன். அப்போதுதான் அவருடைய முழுப் பெயரும் எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

வாசகர்களுள் பலர் இன்று மெல்பேர்ணிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றீர்கள். உங்கள் வீடுகளில் பழைய பாட்டுத் தெரிந்த ஓர் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருக்கலாம். கைத்தொலைபேசியில் அவர்களுடைய பாட்டைப் பதிவு செய்கின்றவர்கள், பாட்டுத் தொடங்குமுன் அவர்களுடைய பெயரையும் ஊரையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். அரை நிமிடமும் ஆகாது. நான் அதைச் செய்யவில்லை.